காது கேளாத மாணவருக்கும் தமிழ் பழகும் மாணவருக்கும் ஒரே வீடியோ: சப்டைட்டில் போட்டுப் பாடம் நடத்த முழு வழிகாட்டி

திருப்பூர்ப் பக்கத்தில் ஓர் எட்டாம் வகுப்பு. முன் பெஞ்சில் காது கேளாத மாணவர்கள் இரண்டு பேர். பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர். மற்றவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். போர்டில் அறிவியல் வீடியோ ஓடுகிறது, கீழே எழுத்தும் ஓடுகிறது. ஆனால் அந்த ஆறு பேருக்கும் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

இப்படிப்பட்ட வகுப்புகளில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பல முறை பார்த்திருக்கிறேன். வீடியோ நல்ல வீடியோதான், பிள்ளைகளும் ஆர்வமாகத்தான் இருப்பார்கள். எழுத்தைப் போட்ட விதத்திலும் அதை ஓடவிட்ட விதத்திலும்தான் கோளாறு இருக்கும். சப்டைட்டிலைப் பேச்சின் நகலாக நினைத்துத் தயாரித்தால் இப்படித்தான் ஆகும். அதுவும் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் என்று நினைத்து எழுத வேண்டும்.

கீழே உள்ள வரிசை ஐந்து நிமிட வீடியோ ஒன்றுக்கானது. உதாரணத்துக்கு மஞ்சள் தாள் சோதனையை எடுத்துக்கொள்கிறேன். மஞ்சள் பூசிக் காயவைத்த தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் நிறம் மாறாது. அமிலம், காரம் பாடத்தில் எல்லோரும் காட்டுகிற சோதனை. முதல் முறை செய்பவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நாலைந்து வீடியோ முடித்தபின் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

1. யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

வீடியோவைத் திறப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது இது. பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

காது கேளாத மாணவர் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு விஷயம் எழுதுங்கள். சைகை மொழி தெரியுமா? தமிழ் எந்த அளவுக்குப் படிக்கிறார்? எட்டாம் வகுப்பில் இருப்பதாலேயே எட்டாம் வகுப்புத் தமிழ் படித்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் இரண்டாவது மொழி, அதுவும் காதால் கேட்டே இராத மொழி. இந்திய சைகை மொழியில் யார், எதை, எங்கே என்பதைக் கை நகரும் இடத்தாலும் திசையாலும் காட்டிவிடுவார்கள். நம்முடைய ஐ, ஆல், கு, இல் எல்லாம் அங்கே இல்லை. அதனால் பாத்திரத்தை, பாத்திரத்தில், பாத்திரத்தால் மூன்றும் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே சொல்.

காது கருவியோ, உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்டோ வைத்திருப்பவர் வேறு மாதிரி. அவர் கொஞ்சம் கேட்பார், உதட்டைப் பார்ப்பார், விட்டுப்போனதை எழுத்தில் பிடிப்பார். பேசுபவரின் முகம் தெரியாத வீடியோவில் அவருக்குக் கஷ்டம் இரட்டிப்பாகிறது.

தமிழ் பழகும் பிள்ளைக்குக் காதில் விழுகிறது, ஆனால் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்குகிறது என்று பிடிபடாது. எழுத்து அதைப் பிரித்துக் காட்டும். எழுத்தே தெரியாத பிள்ளை வகுப்பில் இருந்தால் அதையும் குறித்துவையுங்கள். அந்தப் பிள்ளைக்கு சப்டைட்டில் மட்டும் போதாது, 10ஆம் படியைத் தவறாமல் செய்ய வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும். பேச்சின் அலையைத் திரையில் வரைந்து காட்டும், எழுத்து எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று நேரம் வைக்க அது பெரிய உதவி. ஓட்டிப் பார்க்க வி.எல்.சி. பிளேயர். ஒரு ஹெட்ஃபோன். பாடப்புத்தகம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கலைச்சொற்களை அதிலிருந்துதான் எடுக்கப் போகிறோம்.

யுனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். கேள்வித்தாள் அடித்துப் பழகிய ஆசிரியர்கள் பலர் பழைய எழுத்துருக்களான பாமினியிலோ வானவில்லிலோ அடித்து ஒட்டுகிறார்கள். திரையில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். ஏற்கெனவே அப்படி அடித்துவிட்டிருந்தால் என்.எச்.எம். கன்வர்டரில் போட்டு யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பைச் சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் சரியாகத் தெரிந்தது பள்ளிக் கம்ப்யூட்டரில் கேள்விக்குறிகளாக மாறி நிற்கும்.

வீடியோ யாருடையது என்றும் பாருங்கள். நீங்களே எடுத்ததாக இருந்தால் நல்லது. அடுத்தவர் யூடியூப் வீடியோவுக்குப் பார்வையாளர்கள் சப்டைட்டில் எழுதித் தருகிற வசதியை யூடியூப் 2020 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. ஆகவே உரியவரிடம் கேட்டு வாங்குவதே முதல் வழி. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு ஒரு படைப்பை லாப நோக்கமில்லாமல் மாற்றித் தர, பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்திருக்கிறது. அதை வைத்து அடுத்தவர் வீடியோவை உங்கள் சேனலில் ஏற்றிப் பொதுவில் விட்டுவிடாதீர்கள்.

3. வீடியோவைத் தேர்ந்தெடுத்து வெட்டுங்கள்

ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். காது கேளாத மாணவருக்குப் படமும் எழுத்தும் ஒரே வழியில்தான், கண் வழியாகத்தான் போகின்றன. மற்றவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள், இவர் படத்தை விட்டு எழுத்துக்கு வந்து மறுபடி படத்துக்குப் போக வேண்டும். பதினைந்து நிமிடம் அப்படிச் செய்து பாருங்கள், கண் எரியும்.

கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே எழுத்தோ படமோ உள்ள வீடியோவைத் தவிர்க்கவும். ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றால் எழுத்து அவர் கையை மறைக்கக் கூடாது. சைகை இருக்கிறதே, எழுத்து எதற்கு என்றோ, எழுத்து இருக்கிறதே, சைகை எதற்கு என்றோ சிலர் கேட்பார்கள். சைகையில் பாடம் புரியும், எழுத்தில் பரீட்சைத் தமிழ் பழகும். இரண்டும் வேண்டும்.

முன்னால் வரும் அனிமேஷன், 'வணக்கம் மாணவர்களே', சேனலின் பாட்டு எல்லாவற்றையும் இப்போதே வெட்டிவிடுங்கள். நேரம் வைத்த பிறகு வெட்டினால் அத்தனை நேரமும் தள்ளிப்போகும்.

4. முதலில் முழு உரையை எழுதி முடியுங்கள், நேரம் அப்புறம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு வரி அடிப்பது, அதற்கு நேரம் வைப்பது, அடுத்த வரிக்குப் போவது என்று செய்கிறார்கள். பாதியில் ஒரு வாக்கியத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள துண்டுகள் (ஒவ்வொரு முறையும் திரையில் சேர்ந்து தோன்றும் எழுத்து) எல்லாம் கலைந்துவிடும். உரை முழுதும் தீர்மானமான பிறகே நேரத்தைத் தொட வேண்டும்.

கேட்டுக் கேட்டு அடிப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஹெட்ஃபோனில் வீடியோவைக் கேட்டபடி, அதே விஷயத்தை நீங்கள் நிதானமாகத் தெளிந்த தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். போனில் ஜிபோர்டு குரல் தட்டச்சோ கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சோ அதை எழுதிக்கொள்ளும். பின்னணி இசை, எதிரொலி, இரண்டு பேர் சேர்ந்து பேசுவது எதுவும் மென்பொருளின் காதில் விழாது, உங்கள் ஒரு குரல்தான் விழும். டிவி நேரலைக்குச் சப்டைட்டில் தருபவர்கள் பலரும் இப்படித் திருப்பிச் சொல்லித்தான் செய்கிறார்கள்.

மென்பொருள் தானாக எழுதித் தருவதை அப்படியே போட்டுவிடாதீர்கள். ஒரு பள்ளியில் 'காரம்' என்று வர வேண்டிய இடமெல்லாம் 'காரணம்' என்று வந்திருந்தது. 'காரணம் சேர்த்தால் மஞ்சள் சிவக்கும்.' கேட்கிற பிள்ளைகள் சிரித்துவிட்டுச் சரியானதை எடுத்துக்கொண்டார்கள். முன் பெஞ்சு மாணவி நோட்டில் 'காரணம்' என்றே எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தாள். அவளுக்குத் திரையில் உள்ள எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ர, ற, ல, ள, ழ, ன, ண இவற்றைத் தனியாக ஒருமுறை பாருங்கள். தமிழ் பழகும் பிள்ளை திரையில் கண்ட எழுத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ளும்.

5. பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

இதில் நேரம் செலவழியுங்கள். தமிழில் சப்டைட்டில் போடுகிறவர் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறார்கள்.

வீடியோவில் ஆசிரியை பேசுவது இப்படி இருக்கும்: 'இப்ப பாருங்க, இந்த சோப்புத் தண்ணிய ரெண்டு சொட்டு இது மேல விட்டா என்ன ஆகுதுன்னு பாப்போம்... ஆங், செவந்துருச்சு பாத்தீங்களா.'

காது கேளாத மாணவருக்கு 'செவந்துருச்சு' என்ற எழுத்துக்கோவை பாடப்புத்தகத்தில் எங்கும் கிடையாது. 'சிவந்துவிட்டது' தெரிந்த பிள்ளைக்கும் இது புதுச் சொல்லாகத் தெரியும். அவர்களுக்கு எழுத்துத் தமிழ்தான் சரி. உதடு பார்ப்பவருக்குக் கொஞ்சம் விலகல் இருக்கும், ஆனாலும் வாக்கியத்தின் வரிசையை மாற்றாமல் வைத்தால் பழகிக்கொள்வார்.

தமிழ் பழகும் பிள்ளைக்கு வேறு சிக்கல். காதில் 'செவந்துருச்சு', கண்ணில் 'சிவந்துவிட்டது'. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அதற்கு நான் செய்வது: வகுப்பில் எல்லோருக்கும் ஓடுவது எழுத்துத் தமிழ்க் கோப்பு. அதோடு, வீடியோவில் வரும் பேச்சு வடிவங்களில் பத்துப் பன்னிரண்டை மட்டும் எடுத்து, பக்கத்தில் எழுத்து வடிவத்தைப் போட்டு ஒரு தாளில் தருவேன். விட்டா, விட்டால். தண்ணிய, தண்ணீரை. செவந்துருச்சு, சிவந்துவிட்டது. நேரம் இருந்தால் பேச்சுத் தமிழில் இரண்டாவது கோப்பும் செய்யலாம், வீட்டில் பார்க்க உதவும். ஒரே கோப்பில் இரண்டையும் கலப்பதுதான் கூடாது. ஒரு வரி 'பாருங்க', அடுத்த வரி 'பார்க்கவும்' என்று வந்தால் இரு தரப்புக்கும் குழப்பம்.

இன்னொன்று, 'இது', 'இங்கே', 'அந்த' போன்ற சொற்கள். ஆசிரியை விரலால் காட்டிச் சொல்லும்போது மாணவர் எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அவர் நிமிர்வதற்குள் விரல் போயிருக்கும். 'இது மேல' என்பதை 'மஞ்சள் தாளில்' என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

6. துண்டு போடும்போது வினைச்சொல்லை விட்டுவிடாதீர்கள்

தமிழில் வினை கடைசியில் வருகிறது, இல்லை என்பதும் அங்கேதான் வருகிறது. 'மஞ்சள் தாளில் எலுமிச்சைச் சாறு விட்டால் அதன் நிறம்' என்று ஒரு துண்டு முடிந்து, அடுத்த துண்டில் 'மாறாது' என்று வந்தால், நிறம் மாறுமா மாறாதா என்று தெரியாமலே பிள்ளை முதல் துண்டைத் தாண்டிவிடும். மெதுவாகப் படிக்கிற பிள்ளை அந்த ஒற்றைச் சொல்லைத் தவறவிட்டால் பாடமே தலைகீழ்.

ஆகவே ஒரு துண்டுக்கு ஒரு முழு வாக்கியம். நீள வாக்கியத்தை இரண்டு மூன்று சின்ன வாக்கியமாக உடைத்துவிடுங்கள். மேலே சொன்ன பேச்சு இப்படி ஆகும் (முதலில் துண்டின் எண், அடுத்து அது தோன்றும் நேரமும் மறையும் நேரமும்):

41
00:02:10,300 --> 00:02:16,000
மஞ்சள் தாளில் 2 சொட்டு
சோப்புத் தண்ணீர் விடுகிறேன்.

42
00:02:16,200 --> 00:02:19,200
என்ன ஆகிறது, பாருங்கள்.

43
00:02:21,100 --> 00:02:23,500
தாள் சிவந்துவிட்டது.

ஒரு திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரியை உடைக்கும்போது சேர்ந்து நிற்க வேண்டியதைப் பிரிக்காதீர்கள். 'சோப்புத்' ஒரு வரியிலும் 'தண்ணீர்' அடுத்த வரியிலும் இருந்தால் படிப்பவர் தடுக்கி விழுவார். எண்ணை இலக்கத்தில் எழுதுங்கள், கண் சட்டென்று பிடிக்கும்.

எளிமையாக்குகிறேன் என்று கலைச்சொல்லை மாற்றுவது பெரிய தவறு. புத்தகத்தில் 'காரம்' என்று இருந்தால் திரையிலும் 'காரம்'தான். 'எரிச்சல் தரும் பொருள்' என்று எழுதினால் பரீட்சையில் வரும் சொல் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகும். வாக்கியத்தை எளிதாக்குங்கள், பாடச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

7. நேரம் வையுங்கள்

இப்போது சப்டைட்டில் எடிட்டில் உரையை ஏற்றி, பேச்சு அலையைப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்கமும் முடிவும் கொடுங்கள்.

எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும்? ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. பிபிசி தன் சப்டைட்டில்களுக்கு நிமிடத்துக்கு 160 முதல் 180 சொல் என்று வைத்திருக்கிறது. நம்முடைய 'வந்துகொண்டிருக்கிறார்கள்' ஒரே சொல், ஆனால் ஆங்கிலத்தில் அது மூன்று சொல். பல மென்பொருள்கள் காட்டும் எழுத்து எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். 'எலுமிச்சை' நமக்கு 5 எழுத்து. யுனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 9 என்று வரும். வேகம் கூடிவிட்டது என்று மென்பொருள் சிவப்புக் காட்டும், பயந்து நல்ல வாக்கியத்தை வெட்டிவிடுவீர்கள்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு எளியது: எட்டாம் வகுப்புக்கு ஒரு நொடிக்கு ஒன்றரைச் சொல், அதற்கு மேல் படம் பார்க்க ஒரு நொடி. நான்கு சொல் வாக்கியம் மூன்றே முக்கால் நொடிக்குக் குறையாமல் நிற்கட்டும். சிறிய வகுப்புக்கு இன்னும் கூட்டுங்கள். எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் இரண்டு நொடி. ஏழு நொடிக்கு மேல் நிற்கவும் வேண்டாம், படித்து முடித்தவர் திரும்பப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

பேச்சு தொடங்கும்போதுதான் எழுத்தும் வர வேண்டும். மேலே 43ஆம் துண்டைப் பாருங்கள், அதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு நொடி திரை காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில்தான் தாள் சிவக்கிறது. எழுத்து முந்திக்கொண்டால் காது கேளாத பிள்ளைக்கு மட்டும் முடிவு முதலிலேயே தெரிந்துவிடும், சோதனையைக் கண்ணால் கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடும். அந்த வெற்று நொடிகளை வேண்டுமென்றே விடுங்கள்.

8. ஓசையையும் பேசுபவரையும் எழுதுங்கள்

பாடத்துக்குத் தேவையான ஓசையைச் சதுர அடைப்பில் போடுங்கள்: [குக்கர் விசில்], [கண்ணாடிக் குவளை உடையும் ஓசை], [மாணவர்கள் சிரிக்கிறார்கள்]. திரையில் எல்லோரும் திடீரெனத் திரும்பிப் பார்த்தால் ஏன் திரும்பினார்கள் என்று எழுத்து சொல்ல வேண்டும். பின்னணி இசைக்கு ஒவ்வொரு முறையும் [இசை] போட வேண்டியதில்லை.

பேசுபவர் திரையில் தெரியாவிட்டால் மட்டும் பெயர் அல்லது 'மாணவி:' என்று முன்னால் போடுங்கள். இரண்டு பேர் பேச்சை ஒரே துண்டில் சேர்க்காதீர்கள்.

9. சத்தத்தை மூடிவிட்டுப் பாருங்கள்

ஒலியை முழுதும் நிறுத்தி, நடுவில் நிறுத்தாமல், சாதாரண வேகத்தில் பாருங்கள். நீங்களே எழுதியது என்பதால் மனம் நிரப்பிக்கொள்ளும், அதனால் ஒரு இரவு கழித்துப் பார்ப்பது நல்லது. எழுத்தை மட்டும் படித்துப் படத்தைத் தவறவிட்ட இடங்களைக் குறியுங்கள். அங்கே துண்டைச் சுருக்குங்கள், அல்லது அந்தப் படத்தை இரண்டு நொடி உறையவைத்து வீடியோவை நீட்டுங்கள். அப்படி நீட்டினால் பின்னால் வரும் துண்டுகளை எல்லாம் சேர்த்து அதே அளவு தள்ள வேண்டும்.

அப்புறம் காது கேளாத ஒருவரிடம் காட்டுங்கள். பழைய மாணவர், மேல் வகுப்பு மாணவி, யாராக இருந்தாலும் சரி. 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். தலையாட்டிவிடுவார்கள், அப்படித் தலையாட்டியே பழகியிருப்பார்கள். 'எந்தத் தாள் சிவந்தது? எது சிவக்கவில்லை?' என்று கேளுங்கள். பதில் தவறினால் குறை உங்கள் துண்டில்.

கடைசியாக, பள்ளியின் ப்ரொஜெக்டரிலேயே போட்டுக் கடைசிப் பெஞ்சிலிருந்து பாருங்கள். சில பிளேயர்களில் 'கொ' உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக வரும், சிலவற்றில் புள்ளிவட்டம் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா எழுத்துருவுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வையுங்கள், மஞ்சள் தாள் மீது மஞ்சள் எழுத்து தெரியாது.

10. முதல் நாளே சொற்களைக் கொடுங்கள்

வீடியோவிலிருந்து ஆறு முதல் எட்டுச் சொல். மஞ்சள் தாள், சோப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, அமிலம், காரம், சிவந்துவிட்டது, மாறாது. முடிந்தால் உண்மையான மஞ்சளையும் எலுமிச்சையையும் மேசையில் வையுங்கள். சொல்லை முன்பே பார்த்த கண் திரையில் அதைப் படிக்க நிற்காது, அடையாளம் கண்டு தாண்டிவிடும். மிச்சமாகும் நேரம் படத்துக்குக் கிடைக்கும்.

சைகை தெரிந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் சைகையும் வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000க்கு மேற்பட்ட சொற்களுக்குச் சைகை வீடியோ இருக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் சைகை மாறும். அகராதியில் உள்ளதைக் காட்டிவிட்டு, 'நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?' என்று பிள்ளைகளிடமே கேட்டு, அவர்கள் செய்வதையே வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பழகும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும். இந்தியில் ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து. தமிழில் ஒரே 'க' காரத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. எழுத்தும் குரலும் ஒரே நேரத்தில் வரும் வீடியோவைப் போல இதைச் சொல்லித்தருவது வேறில்லை, ஆனால் கவனிக்க வேண்டிய இடத்தை முன்பே காட்டிவைத்தால்தான் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

11. வகுப்பில் ஓட்டும் வரிசை

விளக்கை முழுதும் அணைக்காதீர்கள். இருட்டில் உங்கள் கையும் உதடும் தெரியாது. நீங்கள் திரைக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நில்லுங்கள்.

முதல் தடவை முழுதாக, நிறுத்தாமல் ஓட்டுங்கள், நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வீடியோ ஓடும்போது குறுக்கே விளக்கம் சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். காது கேளாத பிள்ளை அந்த நேரத்தில் உங்களைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா? நோட்டில் எழுதச் சொல்லவும் வேண்டாம். குனிந்தால் இரண்டு துண்டு போய்விடும்.

இரண்டாம் தடவை மூன்று இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் பேசத் தொடங்காதீர்கள். மூன்று வரை எண்ணுங்கள், முன் பெஞ்சின் கண் உங்கள் பக்கம் திரும்பட்டும், அப்புறம் கேள்வி. 42ஆம் துண்டில் நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்டால் எல்லோருக்கும் வேலை கிடைக்கும்.

மொழி கற்பவருக்கு எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்கவைப்பது நல்ல பயிற்சி. அதைப் பொதுத் திரையில் செய்யாதீர்கள். மற்றவர் முன்னேறுவதற்காகக் காது கேளாத பிள்ளையிடமிருந்து பாடத்தைப் பிடுங்கியது போல ஆகும். வீட்டில் போனில் பார்க்கும்போது திரையின் கீழ்ப்பகுதியைத் தாளால் மறைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இந்தி அல்லது ஒடியா சப்டைட்டிலும் அப்படித்தான், புதிதாக வந்த பிள்ளைக்கு ஒருமுறை வீட்டில் பார்க்கக் கொடுக்கலாம். தினமும் கொடுத்தால் கண் அதிலேயே நின்றுவிடும், தமிழ் எழுத்துக்கு வராது.

12. முடிந்தபின் இரண்டு வகைப் பயிற்சி

முழு உரையை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். காது கேளாத மாணவருக்கு அந்த உரையிலேயே உருபுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கோடு போட்டுக் கொடுக்கலாம்: 'மஞ்சள் தாள்___ சோப்புத் தண்ணீர் விடுகிறேன்.' கோட்டில் 'இல்' வருமா, 'ஐ' வருமா? தவறினால் அந்த இடத்தைத் திரையில் நிறுத்தி, சொட்டு எங்கே விழுகிறது என்று கையால் காட்டச் சொல்லுங்கள். கை காட்டும் இடமும் 'இல்' என்ற எழுத்தும் ஒன்று சேரும்போது, பல நாள் பிடிபடாத உருபு அன்றைக்குப் பிடிபடுகிறது. நான் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவி அதன்பின் மேசை, பெஞ்சு, ஜன்னல் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் 'இல்' சேர்த்து எழுதிக் காட்டினாள்.

தமிழ் பழகும் பிள்ளைகள் ஜோடியாக உட்கார்ந்து, ஒலியில்லாமல் ஓடும் வீடியோவுக்குத் தாளைப் பார்த்துக் குரல் கொடுக்கட்டும். துண்டு மாறும் வேகத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டியிருப்பதால் சொல் தானாக வாயில் பழகும்.

13. கோப்பைப் பத்திரப்படுத்தி அனுப்புதல்

சப்டைட்டில் சேமித்த எஸ்.ஆர்.டி. கோப்பும் வீடியோவும் ஒரே பெயரில் ஒரே ஃபோல்டரில் இருந்தால் வி.எல்.சி. தானே எடுத்துக்கொள்ளும். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் ஜி, எச் விசைகளால் அப்போதைக்கு நகர்த்தலாம். ஜி அழுத்தினால் எழுத்து முந்தும், எச் அழுத்தினால் பிந்தும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பெற்றோர் கையில் வீடியோ மட்டும்தான் ஓடும், எழுத்துக் கோப்பு தனியாகக் கிடக்கும். அதற்கு ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எழுத்தை வீடியோவுக்குள்ளேயே பதித்து ஒரு பிரதி எடுங்கள். பதித்த பிரதியில் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால் மூல வீடியோவையும் எஸ்.ஆர்.டி. கோப்பையும் அழித்துவிடாதீர்கள். வகுப்பில் பிள்ளைகள் காட்டும் பிழைகளை அந்தக் கோப்பில் அன்றே திருத்தி, பெயரோடு தேதியைச் சேர்த்துச் சேமித்து, பதித்த பிரதியைப் புதிதாக எடுத்து அனுப்புங்கள்.